சந்தைக்கு குழந்தைங்கள கூட்டிட்டு போறீங்களா? அந்தியூர் போயிட்டு வந்து நாங்க கத்துக்கிட்டது

வருஷா வருஷம் ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோவில் திருவிழாவுக்கு குழந்தைங்கள கூட்டிட்டு போவோம். ஈரோடு பக்கத்துக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்காக சொல்றேன், தேர்த்திருவிழாவோட சேந்து அங்க பெரிய குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும், திப்பு சுல்தான் காலத்துல படைக்கு குதிரை வாங்க இங்கதான் வருவாங்கன்னு ஊருக்குள்ள இன்னிக்கும் பேசிக்குவாங்க. மொத ரெண்டு வருஷம் நாங்க பண்ணுனது எல்லாரும் பண்றதுதான், ராட்டினம், பஞ்சுமிட்டாய், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, கடைசில அழுகை, தூக்கி தோள்ல போட்டுட்டு பஸ் ஏறுனோம். மூணாவது வருஷம் எங்க மாமனாரும் கூட வந்தாரு. அவரு ராட்டினம் பக்கமே போகல, சின்னவன் கையப் புடிச்சு நேரா மாடு கட்டியிருக்கற பக்கம் போயிட்டாரு. அன்னிக்கு குழந்தைங்க கேட்ட கேள்வி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் தீரல. அதுக்கப்பறம் எப்படி கூட்டிட்டு போறதுங்கறதையே மாத்திட்டோம், அதைத்தான் எழுதறேன், உங்க ஊர் வாரச்சந்தைக்கும் இதுல முக்காவாசி பொருந்தும்.

மொதல்ல கிளம்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. காலைல வெயில் ஏறதுக்குள்ள போயிருங்க, 7 மணிக்கு அங்க இருந்தா ரொம்ப நல்லது, மாடு குதிரையெல்லாம் அப்பதான் தண்ணி காட்டி தீவனம் போட்டு தேய்ச்சு விட்டுட்டு இருப்பாங்க, ஆளுங்களும் பேசறதுக்கு நேரம் குடுப்பாங்க. பதினோரு மணிக்கு மேல போனா யாரும் குழந்தைய நின்னு பாக்கக்கூட மாட்டாங்க, வியாபாரம் சூடாயிரும். தேர் அன்னிக்கு கைக்குழந்தையோட போகாதீங்க, நெரிசல்ல ஒன்னும் பாக்கவும் முடியாது. ரெண்டு குழந்தைக்கும் பளிச்சுன்னு ஒரே கலர்ல சட்டை போட்டு விடுங்க, வீட்ல இருந்து கிளம்பும்போதே அதே சட்டையோட போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க, முழங்கைக்கு கீழ பேனாவுல போன் நம்பர் எழுதிருங்க. தொலைஞ்சு போனா என்ன பண்ணனும்னு ஒரே ஒரு விஷயம் சொல்லிக் குடுங்க: நடந்து தேடாத, நின்ன எடத்துலயே நில்லு, பக்கத்துல கடை போட்டு உக்காந்திருக்கறவங்க யார்கிட்டயாவது நம்பரக் காட்டு. கடைக்காரங்க எடத்த விட்டு நகர மாட்டாங்க, அதனாலதான். போன வருஷம் பெரியவ பத்து நிமிஷம் எங்க கண்ல படாம போயிட்டா, வளையல் கடை அக்கா பக்கத்துலயே உக்காந்து வளையல் அடுக்கிக் குடுத்துட்டு இருந்தா, அந்த அக்காதான் எனக்கு போன் பண்ணாங்க. போலீஸ் உதவி மையம் எங்க போட்டிருக்காங்கன்னு உள்ள நுழையும்போதே பாத்து வெச்சுக்குங்க, 1098 குழந்தைகள் உதவி எண், அதையும் போன்ல சேவ் பண்ணிருங்க.

அப்பறம் ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். எழுதச் சொல்லி கட்டாயப்படுத்த வேண்டாம், என் பையனுக்கு அப்ப 6 வயசு, அவன் கோடு போட்டு எண்ணுவான் அவ்வளவுதான், வெள்ளைக் குதிரைக்கு ஒரு கோடு, கருப்புக்கு ஒரு கோடு. 

மாட்டுப் பக்கம் போறதுக்கு நிறைய நேரம் ஒதுக்குங்க, கத்துக்கறதுக்கு அங்கதான் ஜாஸ்தி இருக்கு. எங்க மாமனார் செஞ்சது என்னன்னா, தெரிஞ்ச விவசாயி ஒருத்தர்கிட்ட கேட்டு ஒரு காளையோட வாயத் தொறந்து காட்டச் சொன்னாரு. மாட்டுக்கு முன்பக்கம் மேல பல்லே கிடையாது, வெறும் கெட்டியான ஈறுதான், கீழ மட்டும் 8 பல்லு. கன்னுக்குட்டில பால் பல்லு, ஏறக்குறைய ரெண்டு ரெண்டரை வயசுல நடுவுல ரெண்டு பால் பல்லு விழுந்து பெரிய பல்லு வரும், அதுதான் "ரெண்டு பல்லு", அப்பறம் நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டும் வந்துருச்சுன்னா நாலஞ்சு வயசு ஆயிருச்சுன்னு அர்த்தம். பிறந்த தேதி எழுதி வெக்காத ஒரு உயிரோட வயச வாயப் பாத்து சொல்லிரலாம்ங்கறது குழந்தைங்களுக்கு மந்திரம் மாதிரி. சின்னவனுக்கு அந்த மாசம்தான் முன்னாடி ரெண்டு பல்லு விழுந்திருந்துச்சு, அவன் வாயத் தொறந்து தாத்தாகிட்ட காட்டி "அப்பாரு, நானும் ரெண்டு பல்லா?"ன்னு கேட்டான் (தாத்தாவ அப்பாருன்னுதான் கூப்பிடுவான்), அந்த விவசாயி குனிஞ்சு நெசமாவே உள்ள பாத்து "இன்னும் போடல கண்ணு, மொளச்சு வரட்டும்"ன்னாரு. குதிரைக்கு மேலயும் முன்பல்லு உண்டுங்கறதயும் அன்னிக்கே காட்டிருங்க, ஏன் மாட்டுக்கு இல்ல குதிரைக்கு இருக்குன்னு கேப்பாங்க, மாடு நாக்குல சுத்திப் புடுங்கற மாதிரி மேயும், குதிரை உதட்டுல கூட்டி பல்லுல கடிச்சு மேயும், ரெண்டுக்கும் ஒரு புடி பச்சைச் சோளத்தட்டு போடறப்ப நின்னு பாத்தாலே வித்தியாசம் தெரியும்.

நிறத்தையும் கவனிக்கச் சொல்லுங்க. காங்கேயம் மாட்டுல கன்னுக்குட்டி பிறக்கும்போது செவலையா இருக்கும், ஆறு மாசம் போல ஆகும்போது சாம்பல் நிறமா மாறிரும், வளந்த காளைக்கு கழுத்தும் திமிலும் கருத்துப் போகும், காயடிச்சா அந்தக் கருப்பு மங்கிரும். அதனால "ஒரே கலர் மாடெல்லாம் ஒரே சாதி"ன்னு குழந்தைங்க மனசுல ஒரு கணக்கு இருக்குமில்ல, அது அங்கயே உடைஞ்சிரும். மயிலை, பிள்ளை, செவலை, காரின்னு நிறத்துக்கு பேரு சொல்றாங்க பாருங்க (மயிலைன்னா வெளுத்த சாம்பல், காரின்னா கருப்பு), அந்தப் பேர நோட்டுல எழுத வைங்க. அந்தியூருக்கு வடக்க மேல ஏறுனா பர்கூர் மலை, அந்த மலை மாடு செம்பழுப்புல வெள்ளைத் திட்டுத் திட்டா இருக்கும், காட்டுக்குள்ள பட்டி போட்டு வளக்கறது, ஆளப் பாத்தா கொஞ்சம் மிரளும், காங்கேயம் மாதிரி சாதுவா நிக்காது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாக்கறப்ப காட்டுல வளர்ற மாடு ஏன் சின்னதா வெடுக்குன்னு இருக்கு, சமவெளில ஏர் இழுக்கற மாடு ஏன் பெருசா இருக்குன்னு பெரியவளே யோசிச்சு சொன்னா, நான் ஒரு வார்த்தை சொல்லல.

குதிரைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. பின்னாடி பக்கம் போகவே கூடாது, குழந்தைய எப்பவும் உங்களுக்கும் குதிரைக்கும் நடுவுல நிறுத்தாதீங்க, ஓனர்கிட்ட கேக்காம தொடக்கூடாது, புல்லு குடுக்கணும்னா உள்ளங்கைய விரிச்சு வெச்சுத்தான் குடுக்கணும், விரல்ல புடிச்சு நீட்டுனா கடி வாங்கிரும். மார்வாரி, கத்தியவார் குதிரைங்களுக்கு காது உள்பக்கமா வளைஞ்சு ரெண்டு நுனியும் தொட்டுக்கற மாதிரி இருக்கும், அதக் கண்டுபிடிக்கற வேலைய சின்னவங்களுக்கு குடுத்துருங்க, ஒரு மணி நேரம் உங்கள தொந்தரவு பண்ண மாட்டாங்க. லாடம் அடிக்கறவர் உக்காந்திருந்தா கண்டிப்பா நின்னு பாருங்க, குதிரைக்கு குளம்பு ஒன்னு, அதனால வளைஞ்ச ஒத்தை லாடம், மாட்டுக்கு குளம்பு பிளந்திருக்கும், அதனால ஒரு காலுக்கு ரெண்டு துண்டு. ஆணி அடிக்கறப்ப வலிக்காதான்னு குழந்தை பதறும், நம்ம நகத்த வெட்டறப்ப வலிக்குதா, அதே மாதிரி வெளி ஓரத்துல அடிச்சா வலிக்காது, உள்ள தள்ளி அடிச்சுட்டா வலிக்கும், அதனாலதான் தெரிஞ்சவங்க மட்டும் அடிக்கறாங்கன்னு சொன்னேன். சுழி பாக்கறதையும் பாப்பாங்க, நெத்தில கழுத்துல முடி சுழிச்சிருக்கறத வெச்சு நல்ல சுழி ஆகாத சுழின்னு பேசி விலையே மாறும். எங்க பொண்ணு "சுழி இருந்தா கால் நல்லா ஓடாதா?"ன்னு கேட்டா. சுழி நம்பிக்கை, கால் நல்லா இருக்கான்னு நடக்க விட்டுப் பாக்கறது சோதனை, ரெண்டையும் ஒரே ஆளு ஒரே நேரத்துல பண்றாருன்னு மட்டும் சொல்லி விட்டுட்டேன், யாரையும் மட்டமா பேச வேண்டியதில்ல, வித்தியாசம் அவளுக்கு புரிஞ்சிருச்சு.

இப்ப விலை பேசறது. இது எந்த ஸ்கூல்லயும் கிடைக்காது. தரகரும் வாங்கறவரும் கைய ஒரு துண்டுக்கு அடியில விட்டுட்டு விரலப் புடிச்சு புடிச்சு விலை பேசுவாங்க, வாய்ல ஒரு சத்தம் வராது, சுத்தி நாப்பது பேர் நின்னாலும் யாருக்கும் தெரியாது. ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமாங்கறது மாட்டப் பாத்தாலே ரெண்டு பேருக்கும் தெரியும். இதப் பாக்க வெச்சுட்டு "ஏன் மறைச்சு பேசறாங்க?"ன்னு மட்டும் கேளுங்க. பெரியவ மொதல்ல "ஏமாத்தறதுக்கு"ன்னா. அப்பறம் கொஞ்சம் நேரம் நின்னு பாத்துட்டு, இவரு விலை ஒத்து வரலைன்னா அடுத்தவர்கிட்ட போகணும்ல, முந்தின விலை தெரிஞ்சுட்டா அதுக்கு மேல தர மாட்டாங்கல்லன்னு அவளே சொன்னா. 9 வயசு. அதே பொண்ணு கணக்குப் பரிட்சைல லாப நஷ்டத்துல தப்பு பண்றவ. வீட்டுக்கு வந்து ரெண்டும் துண்டு போட்டு பென்சிலுக்கும் ரப்பருக்கும் விலை பேசி விளையாடுச்சுங்க. அன்னிக்கு சந்தையில விலை படிஞ்சதும், வித்தவர் பழைய கயித்த அவுத்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, வாங்குனவர் கொண்டு வந்த புதுக்கயித்துல மாட்ட மாத்திக் குடுத்தாரு, குடுத்துட்டு மாட்டோட நெத்திய தடவிட்டு திரும்பிப் பாக்காம நடந்து போனாரு. சின்னவன் "அந்த தாத்தா அழுவறாரா?"ன்னான். ஆமான்னு சொன்னேன். 

வேற ஒரு கேள்வியும் வரும், தயாரா இருங்க: "இந்த மாடு எல்லாம் எங்க போகுது?" சிலது உழவுக்கு, சிலது பாலுக்கு, சிலது கறிக்குப் போகும். பொய் சொல்லாதீங்க. குழந்தைக்கு ஏத்த மாதிரி சின்னதா சொல்லுங்க, ஆனா உண்மைய சொல்லுங்க. ஒரு நாள் பூரா மத்தவங்கள நம்பி கேள்வி கேக்க கத்துக் குடுத்துட்டு இதுல மட்டும் மழுப்புனா அடுத்த தடவ உங்ககிட்ட கேக்கவே மாட்டாங்க.

காசு விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தொகை, நாங்க 150 ரூபா, பதினஞ்சு பத்து ரூபா நோட்டா மாத்தி சுருக்குப் பையில போட்டு கையில குடுத்தோம். ரெண்டே சட்டம்: மொத ஒரு மணி நேரம் எதுவும் வாங்கக்கூடாது, பாக்கலாம் விலை கேக்கலாம், அவ்வளவுதான். ரெண்டாவது, தீந்துட்டா தீந்துச்சு, மீதி இருந்தா அவங்களுக்கே. இதுல கஷ்டம் குழந்தைக்கு இல்ல நமக்குத்தான், ஏன்னா உடைஞ்சு போற பொம்மைய அவன் 60 ரூபா குடுத்து வாங்கறப்ப வாய மூடிட்டு நிக்கணும். நில்லுங்க. அது சாயங்காலத்துக்குள்ள உடைஞ்சுது, அடுத்த வருஷம் அவனே பொம்மைய தலைகீழா திருப்பி சக்கரத்த ஆட்டிப் பாத்துட்டு வேண்டாம்னு வெச்சுட்டு வந்தான். ஒரே வளையலுக்கு நுழையற எடத்துல ஒரு விலை, நடுவுல ஒரு விலை, கடைசில ஒரு விலை இருக்கும், மூணையும் கேட்டு எழுதச் சொல்லுங்க. முன்னாடி கடைக்கு எடத்து வாடகை அதிகம், ஆளுங்களும் மொதல்ல அங்கதான் நிப்பாங்கங்கறது விலைக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு அப்ப சொன்னா புரியும், சும்மா வீட்ல உக்காந்து சொன்னா புரியாது.

பேரம் பேச சொல்லிக் குடுங்க, ஆனா யார்கிட்டங்கறதையும் சேத்து சொல்லிக் குடுங்க. தரையில சாக்கு விரிச்சு வேர்க்கடலை விக்கற ஆயாகிட்ட அஞ்சு ரூபா கொறைக்கறது சாமர்த்தியம் இல்ல. நாங்க ஒரு ஆயாகிட்ட பக்கத்துல உக்காந்து கேட்டோம், பச்சைக் கடலை என்ன விலைக்கு வாங்கறீங்க, விறகு எவ்வளவு, பஸ்சுக்கு எவ்வளவு, சுங்கம் எவ்வளவு. சந்தையில கடை போடறதுக்கு சுங்கம்னு ஒன்னு கட்டணும், சீட்டுக் குடுப்பாங்க, அந்த வசூல ஏலம் எடுக்கறவங்க தனி. பெரியவ எல்லாத்தையும் நோட்டுல எழுதிக் கூட்டிக் கழிச்சு, ஒரு பொட்டலத்துல ஆயாவுக்கு நிக்கறது எவ்வளவு கம்மின்னு பாத்துட்டு, அவளோட பத்து ரூபாய எடுத்து இன்னொரு பொட்டலம் வாங்கிக்கிட்டா. நான் சொல்லல.

எடை அளவையும் விட்றாதீங்க. தக்காளி, கத்திரிக்காய் கூறு போட்டு வெச்சிருப்பாங்க, 20 ரூபா கூறு ஒன்னு வாங்கி, தராசு வெச்சிருக்கற இன்னொரு கடையில கேட்டு நிறுத்துப் பாருங்க, கிலோ என்ன விலை விழுதுன்னு குழந்தை கணக்கு போடட்டும். சில நேரம் கூறு லாபம், சில நேரம் கிலோ லாபம். எடைக்கல்லுல அரசாங்க முத்திரை அடிச்சிருக்கும், அதத் தேடச் சொல்லுங்க, எலக்ட்ரானிக் தராசுன்னா பொருள் வெக்கறதுக்கு முன்னாடி பூஜ்ஜியம் காட்டுதான்னு பாக்கச் சொல்லுங்க. பூவுக்கு முழம், பொரிக்கு படி. பூக்காரம்மா முழத்தையும் அப்பா முழத்தையும் அளந்து பாக்க சொன்னேன், ரெண்டும் ஒன்னா இல்ல, அதனாலதான் அளவுகோல் எல்லாருக்கும் பொதுவா வந்துச்சுன்னு அங்கயே முடிஞ்சிருச்சு பாடம்.

விளையாட்டுப் பக்கம் சீக்கிரம் சொல்லிர்றேன். வளையம் வீசறது, பலூன் சுடறது, இதுக்கெல்லாம் காசு குடுக்கறதுக்கு முன்னாடி மத்தவங்க வீசறத இருபது தடவ எண்ணச் சொல்லுங்க, எத்தனை விழுந்துச்சுன்னு கோடு போடட்டும், அப்பறமும் விளையாடணும்னா விளையாடட்டும். பஞ்சுமிட்டாய் மிஷின் கிட்ட நின்னு பாருங்க, கொஞ்சூண்டு சர்க்கரைதான் போடறாங்க, சூட்டுல உருகி, வேகமா சுத்தறப்ப சின்ன ஓட்டை வழியா நூலா தெறிச்சு, காத்துல பட்டதும் உறைஞ்சிருது, அவ்வளவு பெரிய பஞ்சுக்குள்ள இருக்கறது பெரும்பாலும் காத்துதான், ஒரு வாயில அது ஏன் காணாம போகுதுன்னு அப்ப தெரியும். மரணக் கிணறு வந்திருந்தா சத்தத்துக்கு சின்னவங்க பயப்படுவாங்க, ஏழெட்டு வயசுக்கு மேல கூட்டிட்டுப் போங்க, வண்டி வேகமா சுத்தறப்ப சக்கரம் சுவத்த அழுத்துது, அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் கீழ விழாம புடிச்சுக்குது, வேகம் கொறைஞ்சா எறங்கிரும்னு, ஒரு வாளியில தண்ணி ஊத்தி தலைக்கு மேல சுத்திக் காட்டுனதோட சேத்து சொன்னா பிடிச்சுக்குவாங்க.

மனுஷங்கள்ட்ட பேச வைக்கறது எல்லாத்தையும் விட பெருசு. என் பொண்ணு கூச்ச சுபாவம், புது ஆளுங்கள பாத்தா என் முந்தானைக்குப் பின்னாடி போயிருவா. அவளுக்கு மூணே கேள்வி குடுத்தேன்: எந்த ஊருங்க, எப்ப கிளம்பி வந்தீங்க, ராத்திரி எங்க தூங்குவீங்க. ஐயா, அண்ணா, அக்கான்னு மொதல்ல கூப்பிடணும், வியாபாரம் நடக்கறப்ப குறுக்க பேசக்கூடாது, போட்டோ எடுக்கணும்னா கேக்கணும், பதில் சொன்னதும் நன்றி சொல்லணும். நான் அஞ்சடி தள்ளி நின்னேன். மொத ஆள்கிட்ட குரலே வரல. சாட்டை, சலங்கை, மூக்கணாங்கயிறு விக்கற ஒருத்தர்தான் "வா கண்ணு, உக்காரு"ன்னு கழுத்துமணி ஒன்ன கையில குடுத்து ஆட்டச் சொன்னாரு, ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு சத்தம், காட்டுல மேயறப்ப சத்தத்த வெச்சே எது யாரோட மாடுன்னு சொல்லிருவாங்களாம், அதுக்கப்பறம் அவள அங்க இருந்து எழுப்பறதுதான் பெரும்பாடா போச்சு.

பலூன் விக்கற பொண்ணு ஒருத்தி, எங்க பொண்ணு வயசுதான் இருக்கும். இவ அவகிட்டயும் அதே மூணு கேள்வி கேட்டா, அப்பறம் எங்கிட்ட வந்து "அவ ஸ்கூலுக்கு போகலையாம்மா"ன்னா. பக்கத்துல நின்ன ஒருத்தர் தன் பையன்கிட்ட "படிக்கலைன்னா நீயும் இப்படித்தான் பலூன் விப்ப"ன்னு சொல்லிட்டு இருந்தாரு. தயவு செஞ்சு இத சொல்லாதீங்க. ஊர் ஊரா போற குடும்பத்துல ஒரு குழந்தை ஸ்கூலுக்கு போக முடியலைன்னா அது அந்தக் குழந்தையோட சோம்பேறித்தனம் இல்ல. அவளும் படிக்கணும், படிக்கறது அவளோட உரிமை, இப்ப கிடைக்கல, அது தப்புதான்னு எம்பொண்ணுகிட்ட சொன்னேன். அவ பலூன் வாங்கல, அந்தப் பொண்ணோட பேரக் கேட்டுட்டு வந்தா, அடுத்த வருஷம் பாத்தா கூப்பிடணும்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கா.

எவ்வளவு நேரம் இருக்கலாம்னு கேட்டா, அஞ்சு வயசுக்குள்ளன்னா ரெண்டு மணி நேரம் போதும், மாட்டையும் குதிரையையும் பாத்துட்டு கெளம்பிருங்க. அதுக்கு மேல வயசானவங்க அரை நாள் தாங்குவாங்க, நடுவுல நெழல்ல உக்காந்து கம்மங்கூழ் குடிச்சுட்டு ஒரு அரை மணி நேரம் சும்மா இருக்க விடுங்க. தண்ணி வீட்ல இருந்தே கொண்டு போங்க. மாடு தொட்ட கையோட எதையும் சாப்பிட விடாதீங்க, சோப்பு ஒன்னு பையில இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கட்டுரை எழுதச் சொல்லாதீங்க, அதோட அடுத்த வருஷம் வர மாட்டேன்னுரும். எங்க வீட்ல ராத்திரி அம்முச்சிக்கு, அதாவது எங்கம்மாவுக்கு, போன் போட்டு ஆளுக்கு ஒரு விஷயம் சொல்லணும், அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருந்தா இன்னொன்னு சொல்லணும். அம்முச்சி ஊர்ல இருந்த காலத்துல ஏழெட்டு மாடு வெச்சிருந்தவங்க, லேசுல விட மாட்டாங்க, "காரிக்கும் மயிலைக்கும் என்ன வித்தியாசம் சொல்லு பாக்கலாம்"னு திருப்பிக் கேப்பாங்க, இவங்க நோட்டப் புரட்டுவாங்க.

ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. ஈரோடு கருங்கல்பாளையத்துல வியாழக்கிழமை மாட்டுச் சந்தை, பொள்ளாச்சில செவ்வாயும் வியாழனும், உங்க ஊர்லயும் ஏதோ ஒரு கிழமை வாரச்சந்தை கூடும், ஸ்கூல் லீவுல ஒரு காலைல போயிட்டு வந்துரலாம். மாமனார் கூட வந்த அந்த ஆடிக்கு சில மாசம் கழிச்சு சின்னவனுக்கு கீழ ரெண்டு பல்லும் முழுசா மொளைச்சு வந்துருச்சு. காலைல எந்திரிச்சதும் கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துட்டு அப்பாருக்கு போன் போட்டான், "அப்பாரு, நான் ரெண்டு பல்லு ஆயிட்டேன், அந்த மாட்டுக்கார தாத்தாகிட்ட சொல்லிருங்க."